பண்டமும் பெட்டியும்: மீமிசல் கடற்கரையில் பனைசார் தின்பண்டங்கள், புழங்குபொருள்கள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊரான மீமிசலையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் களமாகக் கொண்டு, தின்பண்டம் வாங்குதலும் புழங்குபொருள் வாங்குதலும் ஒரே செயலாக இருந்த நிலையை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியச் செய்திகள், திருப்பெருந்துறை சார்ந்த தொன்மம், பண்டப் பெயர்களின் அமைப்பு, இருபதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் ஆகியவை சான்றுகளாகின்றன. உணவை உணவியலும் பெட்டியைக் கைவினையியலும் தனித்தனியே ஆராயும் வழக்கம், இரண்டையும் ஈன்ற பனையின் பொருளியலை மறைத்துவிடுகிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மீமிசல், மிழலை, பனை, கருப்பட்டி, ஓலைப்பெட்டி, புழங்குபொருள், முகத்தலளவை.

முன்னுரை

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாக வரும் சாலை கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடும் இடத்தில் மீமிசல் அமைந்துள்ளது. இத்தகைய சந்திப்பூர்களின் கடைத்தெருவுக்கு மக்கள் செல்வதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. மாலையில் காலாற நடந்து, கொறிக்க ஒரு பண்டமும் வீட்டுக்கு ஒரு பொருளும் வாங்கித் திரும்புவது தமிழகச் சிற்றூர் வாழ்வின் மிக இயல்பான நிகழ்வு. அந்த இயல்பினாலேயே இது வரலாற்று எழுத்தில் இடம்பெறாமல் போனது. திருவிழா, போர், கோயிற்கொடை ஆகியவற்றுக்குக் கல்வெட்டு உண்டு; ஒரு கட்டுப் பனங்கிழங்கும் ஒரு சுளகும் வாங்கி வந்ததற்குக் கல்வெட்டு இல்லை.

மீமிசலைப் பொறுத்தவரை ஆவணக் குறைவுக்கு ஆட்சி எல்லையும் ஒரு காரணம். இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கினும் இக்கடற்கரை புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் இது தஞ்சாவூர் மாவட்டத்தின் அறந்தாங்கிப் பகுதியாக இருந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் அதனுடன் சேர்ந்தது. எனவே கே. ஆர். வேங்கடராம ஐயர் சமஸ்தானத்துக்காக எழுதிய விரிவான கையேட்டின் எல்லைக்குள் இது வரவில்லை. 1906இல் வெளிவந்த எமிங்வேயின் தஞ்சாவூர் மாவட்ட விவரச்சுவடியோ இயல்பாகவே காவிரிப் படுகையை மையமாகக் கொண்டது. நெல்லைப் பற்றி எழுதியவர்களுக்குப் பனை ஓரத்தில் நின்ற மரம். இந்த ஓரத்திலிருந்தே இவ்வட்டாரத்தின் அன்றாட வரலாற்றைத் தொடங்க வேண்டியுள்ளது.

மிழலையின் முந்நீர்

மீமிசல், ஆவுடையார்கோவில், அறந்தாங்கி ஆகியவற்றைச் சூழ்ந்த நிலப்பகுதியைப் பழைய மிழலைக் கூற்றத்தோடு பொருத்திக் காண்பது வரலாற்றாய்வாளர் வழக்கு. புறநானூற்றின் 24ஆம் பாடலில், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடும்போது, வேள் எவ்வியின் மிழலையும் முதுவேளிரின் முத்தூறும் அவன் வசமான செய்தியைக் கூறுகிறார். வெற்றிச் செய்திக்கு முன்பாக அந்தக் கடற்கரையில் மக்கள் என்ன பருகினார்கள் என்பதற்குப் புலவர் இடம் ஒதுக்குகிறார். பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, இளநீர் ஆகிய மூன்றையும் கலந்து குடித்துவிட்டுக் கடலில் பாய்ந்தாடுகின்றனர். ‘முந்நீர்’ என்னும் சொல் ஒருமுறை பருகும் மூவகை நீரையும் மறுமுறை கடலையும் குறிக்குமாறு அமைந்திருப்பது பாடலின் நயம்.

இப்பாடலைப் படிப்போர் பெரும்பாலும் எவ்வியின் வள்ளன்மையையோ பாண்டியனின் வெற்றியையோ எடுத்துக்கொள்வர். உணவு வரலாற்று நோக்கில் வேறொன்று கவனிக்கத்தக்கது. கரும்பு வயலில் விளைவது. தென்னை மணற்கரையில் வளர்வது. பனையோ எவரும் நீர் பாய்ச்சாத இடத்திலும் நிற்பது. மூன்று நிலங்களின் விளைவு ஒரே குடிப்பில் சேர்கிறது. குடித்தவர்களோ விருந்தினரான அரசர் அல்லர், கடலாடப் போனவர்கள். போகிற போக்கில் கிடைத்ததைப் பருகிக் களித்தலைச் செவ்விலக்கியம் இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருப்பது அரிது. இன்று கடற்கரைச் சாலையோரம் சித்திரை, வைகாசி மாதங்களில் நுங்கு வெட்டித் தருவோரிடம் வண்டியை நிறுத்துபவர்கள் அறியாமலேயே ஒரு பழைய வழக்கத்தைத் தொடர்கின்றனர் என்று கூறுவது மிகையாகலாம். பாடலின் பொருள்களுள் நுங்கும் இளநீரும் இன்னும் அங்கே விற்பனையில் உள்ளன என்பதில் மிகையில்லை.

பண்ணியம் என்னும் சொல்

பண்டத்துக்கும் சரக்குக்கும் இடையே பழந்தமிழ் கோடு போடவில்லை. ‘பண்ணியம்’ என்பது விற்பனைப் பொருளையும் குறித்தது, பலகாரத்தையும் குறித்தது. ‘பண்டம்’ என்ற சொல்லுக்கும் இன்றுவரை அதே இரட்டை வாழ்வு உண்டு: பண்டகசாலையில் இருப்பது சரக்கு, பாட்டி மடியிலிருந்து எடுத்துத் தரும் பண்டம் தின்பதற்கு. பெரும்பாணாற்றுப்படை அப்பம் சுடும் கூவியரை அறிமுகப்படுத்தும்போது அவர்களது கரிய அகலையும் சேர்த்தே கூறுகிறது. சமைப்பவரை அடையாளப்படுத்துவது அவருடைய பாத்திரமே.

இந்த இணைப்பு தின்பண்டப் பெயர்களிலும் தங்கிவிட்டது. குழிப்பணியாரத்தில் சட்டியின் குழி இருக்கிறது. குழாய்ப்புட்டில் மூங்கிற்குழாய் இருக்கிறது. தென்மாவட்டங்களில் கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக்கொழுக்கட்டையில் பனங்குருத்தோலை இருக்கிறது. கடற்கரை இசுலாமியர் இல்லங்களில் முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பத்தின் பெயரிலேயே வட்டில் இருக்கிறது. பொருட்பெயரை நீக்கினால் இவற்றுக்குப் பெயரே இல்லை. ஆகவே இவற்றின் வரலாற்றைச் செய்முறைக் குறிப்பாக மட்டும் எழுதுவது பாதி வரலாறே.

பெருந்துறையில் பிட்டு

மீமிசலுக்கு உள்நிலத்தில் அமைந்த ஆவுடையார்கோவிலே திருப்பெருந்துறை. அரசனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரை நோக்கி வந்த வாதவூரர் இங்கே ஆட்கொள்ளப்பட்டு, கொண்டுவந்த பொருளைக் கோயிற்பணிக்குச் செலவிட்டார் என்பது தொன்மம். அதன் தொடர்ச்சி மதுரையில் நிகழ்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவதாக வரும் மண் சுமந்த படலத்தில், வையைக் கரையை அடைக்க ஆளில்லாத வந்தி என்னும் முதியவளுக்காக இறைவன் கூலியாளாக வருகிறார். அவள் விற்கும் பிட்டில் உதிர்ந்ததைக் கூலியாகப் பெறுகிறார்.

பக்தி மரபு இதனை எளிவந்த தன்மையின் சான்றாகக் கொள்ளும். பொருளியல் நோக்கில் இது தெருவோரப் பலகார விற்பனையின் நுட்பமான சித்திரம். தனித்து வாழும் முதியவள் ஒருத்தி பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிறாள். அவள் மீதும் அரசின் கட்டாயப் பணி சுமத்தப்படுகிறது. அவளிடம் கொடுக்கப் பணமில்லை, பண்டமே உண்டு. முழுப் பிட்டு விற்பனைக்கு, உதிர்ந்தது கூலிக்கு என்ற பங்கீட்டையும் அவளே வகுக்கிறாள். வணிகத் தெருக்களை விரித்துரைக்கும் நூல்களில் பலகாரம் விற்கும் பெண்ணின் வரவுசெலவு இந்த அளவுக்கு வெளிப்படுவதில்லை.

திருப்பெருந்துறைக் கோயிலின் படையல் முறை இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறது. கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. புழுங்கலரிசிச் சோற்றைச் சுடச்சுடக் கல்மேடையில் பரப்பி, கீரையும் பாகற்காயும் உடன் வைக்க, எழும் ஆவியே நிவேதனமாகிறது. உருவம் இல்லாத தெய்வத்துக்குப் பாத்திரமும் தேவைப்படவில்லை போலும். மனிதருக்கோ பாத்திரமின்றிப் பண்டம் இல்லை.

ஓலையின் வகையும் கையின் வேலையும்

வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூலுக்குப் பின் எழுதப்பட்ட பனையியல் நூல்கள் பலவும், தால விலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூல் பனைக்கு 801 பயன்களைக் கூறுவதாக எடுத்துக்காட்டுகின்றன. எண்ணிக்கை வியப்பூட்டுவது, ஆயினும் ஆய்வுக்கு அதனால் பயன் குறைவு. பயன்கள் எந்த ஒழுங்கில் ஒன்றையொன்று சார்ந்திருந்தன என்பதே கேள்வி.

பதநீர் இறக்குவதிலிருந்து அந்த ஒழுங்கைக் காணலாம். பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவர். சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்கும். தடவாவிடில் அது கள். இறக்கிய பதநீரை மரத்தடியிலேயே குடிப்போருக்குப் பனையோலையைக் கோலி மடித்த ‘பட்டை’ கிண்ணமாகும். பட்டை பாத்திரம் மட்டுமன்று. ஒரு பட்டை, இரண்டு பட்டை என எண்ணப்படும் அளவும் அதுவே. எஞ்சியதைக் காய்ச்சிப் பாகாக்கித் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்ற, இறுகிக் கருப்பட்டியாகும். அதன் அரைக்கோள வடிவம் சிரட்டையின் அச்சு. பதநீரைச் சற்று இளம் பாகாகக் காய்ச்சிப் பானைகளில் நாள்கணக்கில் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு விளையும். அடுப்புக்குக் காய்ந்த மட்டையும் ஓலையும் எரிபொருள். பண்டத்தை எடுத்துச் செல்ல ஓலைப்பெட்டி. தொடக்கம் முதல் முடிவு வரை, சிரட்டை, பானை, சுண்ணாம்பு நீங்கலாக, வெளியிலிருந்து வாங்க வேண்டியது மிகக் குறைவு.

முடைதலில் ஓலையின் வயது முதன்மையானது. விரியாத குருத்தோலை வெளிறி மென்மையாக இருப்பதால் சிறுபெட்டி, கொட்டான், விசிறி ஆகியவற்றுக்கு ஏற்றது. முற்றிய ஓலை பாய்க்கும் கூரைக்கும் செல்லும். காய்ந்து விழும் காவோலை எரிப்பதற்கு. ஓலையின் நடுநரம்பான ஈர்க்கு துடைப்பமாகும். மட்டையிலிருந்து உரித்த நார் பெட்டியின் விளிம்பைக் கட்டவும் கடகம் முடையவும் உதவும். மட்டையடியின் வலைபோன்ற பன்னாடை வடிகட்டி. (நல்லதை விட்டு அல்லதைப் பற்றும் மாணாக்கனுக்கு நன்னூல் மரபு காட்டும் பன்னாடை உவமை, நெய் வடித்த கை அறிந்த உவமை.) ஏறுதல் ஆணின் வேலை, காய்ச்சுதலும் முடைதலும் பெரும்பாலும் பெண்ணின் வேலை. ஏறுபவர் மரத்திலிருந்து இறங்கியபின் அவருடைய பங்கு முடிந்தது. பெண்ணின் வேலை அடுப்படியில் தொடங்கி, மதிய நிழலில் பெட்டியின் மூலையை மடிப்பது வரை நீண்டது. ஆவணங்களில் பதியப்பட்டவர் மரம் ஏறியவரே; மரவரி கட்டியவர் அவர் என்பதே காரணம்.

பருவமும் இவ்வுலகை ஒழுங்குபடுத்தியது. கோடையில் பதநீரும் நுங்கும். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம். அதன் கொட்டையை மண்ணில் புதைத்தால் தை மாதத்தில் கிழங்கு. கிழங்காகும் முன் கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெண்மையான தவுண், குழந்தைகளுக்கு உரியது. பொங்கற் கடைத்தெருவில் பனங்கிழங்குக் கட்டுக்கு அருகில் புதிய சுளகும் பெட்டியும் விற்பனைக்கு வருவது தற்செயலன்று. கோடையில் முடைந்து சேர்த்தது தையில் அறுவடைக் காசு புழங்கும்போது விலையாகும்.

நீரிணையின் இருகரை

அம்மாபட்டினம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் என மீமிசலின் அண்டை ஊர்ப்பெயர்கள் கடல்வணிகத்தின் எச்சங்கள். எதிர்க்கரை யாழ்ப்பாணம். அங்கும் இதே பனை. ஆயினும் பண்டங்கள் வேறு திசையில் வளர்ந்தன. யாழ்ப்பாணத்தார் பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாக்கி, இடித்து ஒடியற்கூழ் காய்ச்சுவர். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றி வெயிலில் உலர்த்தினால் பனாட்டு. தமிழகக் கரையில் கிழங்கு பெரும்பாலும் அவித்தவுடன் தின்னும் பருவப் பண்டமாகவே நின்றது. அங்கே அது சேமிப்பு உணவாயிற்று. 1978இல் இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டதற்குப் பின்னணியில், பனையை வறுமைக்கால உணவு என ஒதுக்காத இந்தச் சமையல் மரபும் இருந்தது எனக் கருதலாம்.

கடல் மற்றொரு திசையிலிருந்தும் பண்டம் கொணர்ந்தது. கீழக்கரையில் பெயர்பெற்ற தொதல், மலாய் உலகின் தோடோலே. இலங்கையிலும் கோவாவிலும் அது வழங்குகிறது. மாவும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டப்படும் இப்பண்டம் இக்கரையில் வேரூன்றியதற்கு, தேங்காயும் கருப்பட்டியும் இங்கே முன்பே இருந்தமை காரணம். செய்முறை கப்பலில் வந்தது. சரக்கு கரையில் காத்திருந்தது.

மூன்று முறிவுகள்

இருபதாம் நூற்றாண்டில் பண்டமும் பெட்டியும் பிரிந்தன. நெகிழியை மட்டும் காரணமாகக் கூறுவது பரவலான வழக்கு. அது கடைசியாக வந்த காரணமே.

முதலாவது மதுவிலக்கு. சென்னை மாகாணத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. கள்ளை இழந்த பனையேறிகளுக்குப் பதநீரும் வெல்லமும் மாற்றுத் தொழிலாகக் காட்டப்பட்டன. 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் வழியே ஜே. சி. குமரப்பா பனைவெல்லத்துக்கு ஆதரவாக வாதிட்டார்: கரும்பு பிடித்துவைத்திருக்கும் நல்ல நிலத்தை உணவுப் பயிருக்கு விட்டுவிட்டு, விளைநிலம் கேளாத பனையிலிருந்து இனிப்பைப் பெறலாம் என்பது அவரது நிலைப்பாடு. வாதம் வலுவானது, நடைமுறையில் ஆலைச் சர்க்கரையே வென்றது. தமிழகத்தில் 1987 முதல் கள் மீண்டும் தடைசெய்யப்பட்ட பின், கலயத்தில் இருப்பது பதநீரா கள்ளா என்ற ஐயம் ஏறுபவரைத் தொடர்ந்தது. மகன் ஏறத் தயங்கினான் என்றால் அதற்கு உயரம் மட்டும் காரணமன்று.

இரண்டாவது முறிவு அளவையில் நேர்ந்தது. இதனை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. ஆழாக்கு, உழக்கு, உரி, படி, மரக்கால் என்னும் வரிசை முகத்தலளவை. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். பொரி, கடலை, அவல் முதலிய கொறிபண்டங்கள் இவ்வாறே அளந்து, வாங்குபவரின் பெட்டியிலோ மடியிலோ கொட்டப்பட்டன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறை வந்தது. பண்டம் தராசுக்கு ஏறியது. முகத்தலளவையில் கலமே அளவு. நிறுத்தலளவையில் கலம் கழிக்க வேண்டிய எடை. கருப்பட்டி போன்றவை முன்பும் நிறுத்தே விற்கப்பட்டன என்பது உண்மை. ஆயினும் சில்லறைக் கொறிபண்ட விற்பனையில் பெட்டி தன் பயனில் ஒன்றை இழந்தது. எடையே இல்லாத உறை ஒன்று பின்னர் வந்தபோது கடைக்காரர் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. நெகிழிப்பையின் வெற்றியைத் தராசிலிருந்து தொடங்கி விளக்குவது பொருத்தம்.

மூன்றாவதான நெகிழியைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. அதன் விளைவு மட்டும் குறிக்கத்தக்கது: பெட்டி வீட்டில் தங்கி மறுபயனுக்கு வந்த பொருள், பை, பண்டம் தீர்ந்ததும் கழிவு.

பிரித்துக் காக்கும் சட்டம்

அண்மைக் காலத்தில் மரபுப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடு பெறும் முயற்சி பெருகியுள்ளது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், மணப்பாறை முறுக்கும் உடன்குடிப் பனங்கருப்பட்டியும் 2023இலும் இதனைப் பெற்றன. செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் குறியீடு உண்டு. பயனுள்ள முயற்சிகளே. ஆனால் பதிவேட்டில் கருப்பட்டி உணவு வகையிலும் கொட்டான் கைவினை வகையிலும் சேர்கின்றன. ஒரே மரத்தின் பாளையும் ஓலையும் இருவேறு அட்டவணைக்குப் போய்விட்டன. கொட்டானின் மறுமலர்ச்சியே இதற்குச் சான்று: வண்ணமேற்றிய அழகிய கொட்டான்கள் திருமணத் தாம்பூலத்துக்கும் பரிசளிப்புக்கும் உரியவையாயின. உள்ளே வைக்கப்படும் பண்டம் எதுவாகவும் இருக்கலாம். கருப்பட்டியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. முடைபவருக்கு வருவாய் கிடைக்கிறது, அது சிறிய செய்தியன்று. எனினும் நாள்தோறும் புழங்கிய பொருள் விழாநாள் பொருளாக மாறியதை மீட்பு என்ற ஒரே சொல்லால் குறிப்பது சரியாகாது.

மீமிசல் போன்ற, தனிப் பெயர்பெற்ற பண்டம் இல்லாத ஊர்களுக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை. இவ்வூர்களில் இருப்பது ஒரு பண்டம் அன்று, ஒரு வாங்குமுறை. பல பண்டங்கள், பல பொருள்கள், ஒரு பருவம், ஒரு நடை. இதற்கு எந்தக் குறியீடு கொடுப்பது?

கஜாவுக்குப் பின்

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. தென்னைகள் பெருமளவில் சாய்ந்தன. பனைகள் அவ்வளவாகச் சாயவில்லை. ஒன்றரை மாதத்தில், 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கான தமிழக அரசின் தடை நடைமுறைக்கு வந்தது. பனையின் மதிப்பை இயற்கையும் அரசாணையும் அடுத்தடுத்து நினைவூட்டிய காலம் அது. குளக்கரைகளில் பனைவிதை ஊன்றும் இயக்கங்கள் பெருகின. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனைவிதைகள் வழங்கும் திட்டத்தை அறிவித்ததுடன், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை என்றும் கூறியது.

ஊன்றிய விதை பதநீர் தரும் மரமாக ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். கஜாவுக்குப் பின் ஊன்றப்பட்டவை பாளை விடுவது 2030களின் நடுப்பகுதியிலோ அதன் பின்னரோ. அப்போது ஏறுவதற்கு ஆள் இருக்க வேண்டும். ஓலைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. இளம்பனையான வடலியின் குருத்தை நிலத்தில் நின்றபடியே அறுக்கலாம். முடைவோர் விரும்புவதும் அதனையே. ஆகவே இக்கரையில் பண்டத்துக்கு முன்பாகப் பெட்டி திரும்பி வர வாய்ப்புண்டு. ஆனால் வடலியின் குருத்தை ஆண்டுதோறும் மிகுதியாக அறுத்தால் மரத்தின் வளர்ச்சி குன்றும், பாளை விடும் காலமும் தள்ளிப்போகும். எத்தனை குருத்தை அறுப்பது, எத்தனையை விடுவது என்னும் கணக்கு முன்பு முடைந்த பெண்களிடமும் ஏறிய ஆண்களிடமும் சேர்ந்து இருந்தது. அதனை இன்னும் நினைவில் வைத்திருப்போரிடம் கேட்டுப் பதிவது இவ்வட்டாரக் கள ஆய்வின் முதற்பணி.